முதல் கவளம்

கோயில் மடைப்பள்ளிகளில் ஒரு நியமம் உண்டு. இறைவனுக்கு நிவேதனமாகும் அமுதைச் சமைக்கும் பரிசாரகர் அதைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது. உப்புப் போதுமா, புளிப்பு மிகுந்துவிட்டதா என்பதைக் கைப்பழக்கத்தாலும் கண்ணளவாலும் அறிய வேண்டுமே அன்றி நாவால் அறியக் கூடாது. மூச்சுக்காற்றும் படலாகாது என்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சமைக்கும் தலங்களும் உண்டு. முதல் கவளம் ஆண்டவனுடையது. மற்றவர்களுக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதே ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குச் சென்றால், நியமம் தலைகீழாக இருப்பதைக் காணலாம். அங்கே குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் உணவைக் கட்டாயம் சுவைத்துப் பார்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், பூச்சிமருந்து கலந்துவிட்ட மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் உயிரிழந்தனர். ஆசிரியர் ஒருவரேனும் உண்டு பார்த்த பிறகே பிள்ளைகளின் தட்டில் சோறு விழ வேண்டும் என்ற விதி, அந்தத் துயரத்துக்குப் பின் நாடெங்கும் வலியுறுத்தப்பட்டது.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு நியமங்களும் ஒரே பக்தியின் இரு முகங்கள் என்பதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. முப்பது ஆண்டுகள் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்த என் தாயாரிடம் கண்டு அறிந்தேன்.

சீகாழிக்கு அருகில் ஒரு சிற்றூர் எங்களுடையது. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போதே தந்தையார் காலமாகிவிட்டார். நானும் கைக்குழந்தையான தம்பியும் அம்மாவும் பாட்டியின் நிழலில் ஒதுங்கியிருந்தோம். அந்நாளில்தான், 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளியில் சோறிடுவது தமிழ் மண்ணுக்குப் புதிது அன்று. 1920-ஆம் ஆண்டிலேயே பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. 1956-இல் காமராசர் மதிய உணவை ஊர்தோறும் கொண்டுசெல்லத் தொடங்கினார். 1982-இன் திட்டமோ, பள்ளிக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று பல்லாயிரம் பெண்களுக்கு வேலையும் தந்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் அதில் முன்னுரிமை இருந்தது. அவ்வழியில் என் அம்மாவுக்கு எங்கள் ஊர் ஒன்றியத் துவக்கப்பள்ளியில் சமையலர் வேலை கிடைத்தது.

வேலை கிடைத்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கீற்றுக் கொட்டகையில் மூன்று கல்லை வைத்து, அண்டாவில் உலை ஏற்றி, அம்மா சோறு வடித்தார். பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் மட்டுமே உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரணங்கள் இரண்டு. ஒன்று, சமைப்பவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது. சாதியின் பெயரைச் சொல்லாமல் தெருவின் பெயரைச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றொன்று, அவள் தாலி இழந்தவள் என்பது. அந்தக் கையால் தம் பிள்ளை உண்ணலாகாது என்று சிலர் வெளிப்படையாகவே கூறினார்கள். மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டு அம்மா அடுப்படியில் அமர்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்று அவர் அழவில்லை. சாம்பலை அள்ளிப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பள்ளியின் தலைமையாசிரியர் நெற்றி நிறைய நீறு பூசியவர். பிரார்த்தனை வேளையில் தேவாரம் பாடச் சொல்லித் தருவார். கொள்ளிடத்தைக் கடந்து ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு வடலூர் சென்று வருவார். 1867-ஆம் ஆண்டு வள்ளலார் பெருமான் அங்கே மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதையும், அங்கே பந்தியில் அமர்பவரை இன்னார் என்று யாரும் கேட்பதில்லை என்பதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அவர் நாள்தோறும் வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டுவந்து தம் அறையில் உண்பவர். அடுத்த திங்கட்கிழமை நண்பகல் மணி அடித்ததும் அவர் அறைக்குள் செல்லவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, பிள்ளைகளின் வரிசையில் முதல் ஆளாகத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார்.

“ஏம்மா, எனக்கும் ஒரு கரண்டி போடுங்க. நான் சாப்பிட்ட பிறகு பிள்ளைகளுக்குப் போடலாம்” என்றார்.

அம்மாவுக்குக் கை நடுங்கியது. சோறும் சாம்பாரும் விழுந்தன. அவர் கண்மூடி ஒரு கணம் இருந்துவிட்டு முதல் கவளத்தை உண்டார். வேலியோரம் நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க மாட்டாமல், “என்ன சார், நீங்களுமா?” என்று கேட்டார்.

தலைமையாசிரியர் சினக்கவில்லை. உண்டுகொண்டே பதில் சொன்னார்: “பெரியவரே, நாம் சீகாழிச் சீமைக்காரர்கள். இங்கே ஒரு குழந்தை குளக்கரையில் பசித்து அழுதது. பால் கிடைத்தது, குடித்தது. ‘யார் கொடுத்த பாலைக் குடித்தாய்?’ என்று அதன் தகப்பனாரும் கோலை ஓங்கிக்கொண்டுதான் கேட்டார். குழந்தை எந்தப் பக்கம் கையை நீட்டியது என்பது உங்களுக்குத் தெரியாததா?”

சம்பந்தப் பெருமான் வரலாற்றை அறியாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. சித்திரை மாதத்தில் சீகாழிப் பிரம தீர்த்தக் கரையில் நடைபெறும் திருமுலைப்பால் உற்சவத்துக்குப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து செல்லாத தாய்மார் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை திருத்தோணிச் சிகரத்தைப் பார்த்து அழுததும், உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டியதும், நீராடி எழுந்த சிவபாத இருதயர் பிள்ளையின் வாயில் பால் வழியக் கண்டு வெகுண்டதும் ஆண்டுதோறும் நாங்கள் கேட்கும் கதை. ஆனால் அந்தக் கேள்வியை இப்படிப் பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கேட்பார் அதுவரை எவரும் இல்லை. பசித்த பிள்ளைக்கு உணவு எந்தக் கை வழியாக வந்தாலும், அதை நீட்டியவள் அன்னை பராசக்தியே என்றல்லவா அந்த வரலாறு சொல்கிறது? பெரியவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை பள்ளியில் உண்ணவே இல்லை. மற்றவர்கள் ஒருவர் ஒருவராக வந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவனை நான் மறக்கவில்லை. வீட்டில் தடை சொல்லியிருந்ததால், நாங்கள் உண்ணும்போது அவன் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஒளித்து ஊட்டிவிட அம்மாவால் முடிந்திருக்கும். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. “வீட்டில் கேட்டுக்கொண்டு வா, கண்ணு. திருட்டுச் சோறு உடம்பில் ஒட்டாது” என்பார். ஒருநாள் அவனுடைய பாட்டி தடியூன்றிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டி, “கொஞ்சம் குழம்பு ஊத்து” என்றார். நக்கிப் பார்த்தார். “உப்புக் கொஞ்சம் குறைச்சல்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் முதல் அந்தச் சிறுவன் எங்கள் வரிசையில் இருந்தான். அம்மா அன்று முதல் ஒரு சிட்டிகை உப்புக் கூட்டினார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காளத்தி மலையின் வேடர் நினைவுக்கு வருவார். சிவகோசரியார் ஆகம முறைப்படி, எச்சில் படாத தூய நிவேதனத்தைக் காளத்தியப்பருக்குப் படைத்தார். திண்ணனாரோ இறைச்சியைத் தீயில் பக்குவம் செய்து, ஒவ்வொரு துண்டையும் தம் நாவில் வைத்துச் சுவைத்து, நல்லதை மட்டும் தேர்ந்து படைத்தார். ‘என் அப்பன் உண்பது நன்றாக இருக்க வேண்டுமே’ என்ற தவிப்பு அது. இறைவன் இருவர் பூசையையும் ஏற்றான். ஆண்டவனுக்கு முன் நாம் உண்ணலாகாது என்பது பணிவு. குழந்தைக்கு முன் நாம் உண்டு பார்க்க வேண்டும் என்பது பரிவு. மடைப்பள்ளி சிவகோசரியார் வழி நிற்கிறது. பள்ளிச் சமையலறை கண்ணப்பர் வழி நிற்கிறது. முதல் கவளத்தை உண்ட தலைமையாசிரியரும், உள்ளங்கையில் குழம்பு வாங்கிய பாட்டியும் அந்தக் கண்ணப்பர் மரபினரே என்று நான் கருதுகிறேன்.

பிள்ளைகள் எப்படி உண்கிறார்கள் என்பதை அம்மா அளவுக்குக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் கூடுதலாகச் சோறு கேட்பார்கள் என்பதை அவர் முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டார். சனியும் ஞாயிறும் பள்ளி இல்லை என்றால் சில வீடுகளில் அடுப்பும் சரியாக எரியாது. ஆகவே திங்களன்று யார் இரண்டாம் முறை தட்டை நீட்டினாலும் ஏன் என்று கேட்கமாட்டார். கேட்டால் அந்தப் பிள்ளை தலை குனியும். அடுத்த வாரம் தட்டை நீட்டாது. “சோறு போடுகிறவளுக்குக் கண் தெரிய வேண்டும், வாய் வேண்டாம்” என்பது அவர் சொல். அன்னதானத்தின் இலக்கணம் முழுவதும் இந்தச் சொல்லில் அடங்கிவிடுகிறது என்று இன்று தோன்றுகிறது.

காய்கறியை ஒதுக்குவது அன்றும் இருந்தது. பூசணித் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பவர்கள், முருங்கைக்கீரையைச் சோற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பவர்கள் என்று பல வகையினர். அம்மா யாரையும் அதட்டியது இல்லை. தண்டிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எல்லார் தட்டிலும் ஒரு சிறு கரண்டி வைப்பார். ஒதுக்கினால் பேசாமல் இருப்பார். அடுத்த வாரம் மறுபடியும் ஒரு சிறு கரண்டி வைப்பார். பக்கத்தில் இருப்பவன் அதை மென்று விழுங்குவதைப் பார்க்கிறான். வரிசையின் தலைப்பில் ஆசிரியர் அதையே உண்பதைப் பார்க்கிறான். ஏதோ ஒருநாள் அவன் கையும் அந்தப் பூசணித் துண்டை நோக்கிப் போய்விடும். ஒரு புதிய உணவைக் குழந்தை விரும்பி ஏற்பதற்கு அதைப் பலமுறை, சில வேளைகளில் பத்து முறைக்கும் மேலாக, தட்டில் காண வேண்டும் என்றும், வற்புறுத்தினால் வெறுப்பே வளரும் என்றும் குழந்தை நல மருத்துவர்கள் இன்று கூறுகிறார்கள். எழுதப் படிக்க அரைகுறையாகத் தெரிந்த என் தாயார் அதைப் பந்தியைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

அதன் பிறகு எத்தனையோ மாற்றங்கள் வந்துவிட்டன. 1989-இல் முட்டை வந்தது. அதை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரப்பட்டது. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வந்தன. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால், சமைத்த மதிய உணவு இந்தியாவின் எல்லா மாநில அரசுத் துவக்கப்பள்ளிகளுக்கும் உரியதாயிற்று. துவக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்று நடுவண் அரசு அளவு வகுத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டில் தமிழ்நாட்டு அரசுத் துவக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. இன்று வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ காத்திருக்கிறது. இவை யாவும் பெரும் புண்ணியங்கள். ஆயினும், கிராம் கணக்கில் அளக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. உண்ணும் குழந்தையோடு உடன் அமர்ந்து உண்பவர்தாம் அது.

இதை நான் என் வீட்டிலேயே மறுபடியும் கண்டேன். இப்போது மயிலாடுதுறையில் மகன் குடும்பத்தோடு வசிக்கிறோம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து வயதுப் பேரனுக்கு வீட்டில் எதற்கும் குறைவில்லை. ஆனால் அவன் உண்ணும் காட்சி மனத்தை வருத்தும். கையில் கைப்பேசி, அதில் ஓடும் பொம்மைப் படம், பக்கத்தில் பொட்டலத்து நொறுக்குத் தீனி. மருமகள் அலுவலகம் செல்லும் அவசரத்தில் கிண்ணத்தோடு அவன் பின்னால் ஓடுவாள். அவன் வாய் திறப்பது படத்துக்காக. உள்ளே போவது என்னவென்று அவனுக்குத் தெரியாது. மகன் வரும்போது இரவு ஒன்பது மணி. ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு.

“இவனுக்குப் பசியே எடுப்பதில்லை, பாட்டி” என்று மருமகள் ஒருநாள் அம்மாவிடம் கண்கலங்கினாள்.

அம்மா பேரனைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பசி இல்லாமல் இல்லை, தாயி. பந்தி இல்லை. தனியாக உட்காரவைத்தால் நான்கூடச் சாப்பிடமாட்டேன்” என்றார்.

அன்று இரவு முதல் அம்மாவின் ஆட்சி தொடங்கியது. மகன் முன்னதாக வர முடிந்த நாட்களில் எட்டு மணிக்கு எல்லாரும் தரையில் ஒரே வரிசை. கைப்பேசிகள் யாவும் சுவாமி அறை மாடத்துக்குக் கீழே. பூசையறையில் காட்டிய நிவேதனத்திலிருந்து ஆளுக்கு ஒரு பிடி. பேரன் பெரியவர்களின் நடுவில். அவன் தட்டில் என்ன உண்டோ அதுவே எல்லார் தட்டிலும் இருக்க வேண்டும். பாகற்காயானாலும் அவன் தந்தை அதை உண்டே ஆக வேண்டும். சொல்லப்போனால் இந்த ஏற்பாட்டில் அதிகம் தவித்தவன் என் மகன்தான். முதல் வாரம் பேரன் அழுதான். ஒருநாள் உண்ணாமலே உறங்கியும் போனான். மறுநாள் காலையில் அம்மா அவனை ஒன்றும் கேட்கவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துத் தாமும் அருகில் அமர்ந்தார். மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, கொள்ளுப்பாட்டியின் தட்டிலிருந்து அவனே கீரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். யாரும் கைதட்டவில்லை, தட்டக் கூடாது என்று அம்மா முன்பே கண்ணால் எச்சரித்திருந்தார். கத்திரிக்காயை இன்னும் அவன் தொடவில்லை. அதற்கும் ஒரு நாள் வரும்.

வெள்ளிக்கிழமைகளில் வாய்க்கும்போது அவனைக் கோயில் அன்னதானப் பந்திக்கும் அழைத்துச் செல்கிறோம். 2002-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருவதை வாசகர்கள் அறிவார்கள். “இல்லாதவர்களுக்கான சாப்பாடு, நாம் ஏன் உட்கார வேண்டும்?” என்று கேட்கும் நல்ல மனிதர்களை நான் அறிவேன். அவர்கள் எண்ணம் தவறானது அன்று; இல்லாதவர் பங்கை நாம் எடுக்கலாகாது. ஆகவே எங்கள் மூவர் பங்குக்கு உரியதை உண்டியலில் செலுத்திவிட்டே அமர்கிறோம். ஆனால் அமர்கிறோம். இல்லாதவரை மட்டும் ஒரு பந்தியில் உட்காரவைத்து நாம் நின்று பார்த்தால், அது தானமாக இருக்கலாம், பிரசாதம் ஆகாது. நாமும் அதே வரிசையில் அதே சோற்றை உண்ணும்போதுதான் பக்கத்தில் இருப்பவர் தலை நிமிர்ந்து உண்கிறார். 1982-இல் தட்டை ஏந்தித் தரையில் அமர்ந்த ஓர் ஆசிரியர் எங்கள் ஊருக்குக் கற்பித்த பாடம் இதுவே.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்குக் கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். அதே நாளில், தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, அருகிலுள்ள அரசுப் பள்ளியின் மதிய உணவோடு ஓர் இனிப்போ பழமோ சேர்த்து வழங்கலாம். வழங்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். நம் குழந்தையையும் அந்த வரிசையில் அமர்த்தி, நாமும் அருகில் அமர்ந்து, அந்தச் சோற்றையே உண்டு வருவோம். சுவையில் குறை தெரிந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் எடுத்துச் சொல்லலாம். உண்டு பார்த்தவருக்கே அந்த உரிமை உண்டு. நிறை தெரிந்தால், அடுப்படியில் வியர்த்து நிற்கும் அந்தப் பெண்மணியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வரலாம். முப்பது ஆண்டுப் பணியில் தம்மிடம் அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று என் அம்மாவுக்கு இன்றும் கணக்கு உண்டு. இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் கணக்கு அது. உப்புக் குறைச்சல் என்று சொன்ன பாட்டியையும் அதில் சேர்த்தே எண்ணுகிறார்.